எல்லாப் பக்கமும் வடக்கு

எங்கள் தெருவில் அவனுக்கு 'ஒண்ணுல ரெண்டு' என்று பெயர். வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். ஒரு பொருள் ஒரு வேலையோடு நின்றுவிட்டால் அவனுக்குப் பொறுக்காது. நாற்காலி செய்யச் சொன்னால் அடியில் செருப்பு வைக்க ஒரு தட்டையும் பற்றவைத்துத் தருவான். ஜன்னலுக்குக் கம்பி கேட்டால் துணி காயப்போடக் கொக்கியும் சேர்ந்து வரும். "ஒண்ணுல ரெண்டு டைலரே, தனியா இன்னொண்ணு தேட வேண்டாம் பாருங்க" என்பான். வந்தவன் கொக்கி கேட்டானா இல்லையா என்பதெல்லாம் அவனுக்குப் பொருட்டே இல்லை. என் மெஷினின் மிதிப்பலகை உடைந்தபோது புதிதாக ஒன்று செய்து தந்தான். மிதித்தால் அடிக்கிற மாதிரி அதில் ஒரு மணி. எதுக்குய்யா இது என்று கேட்டேன். நீங்க தைக்கிறீங்களா தூங்குறீங்களான்னு வீட்ல தெரியணும்ல என்றான். இரண்டே நாளில் மணியைப் பிடுங்கி அவன் பட்டறைக்குள்ளேயே வீசினேன்.

என் கடை அவனுக்கு நேர் எதிரே. டைலர் என்றதும் சட்டை, பிளவுஸ் என்று யாரும் துணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டாம். லாரிக்குத் தார்ப்பாய், வண்டிக்கு சீட் உறை, கடைக்கு முன்மறைப்பு, இதுதான் என் தையல். விரல் தடிமன் ஊசி. எனக்கு வாயும் கொஞ்சம் தடிமன்தான். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நானும் சுகமாகத்தான் சுமந்துகொண்டிருந்தேன்.

வெல்டருக்குப் பிள்ளை இல்லை. பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை. அதில் அவன், அவன் மனைவி, அவளுடைய தம்பி. பெற்றவர்கள் போன பிறகு அவள்தான் தம்பியை வளர்த்தாள். இப்போது அவனுக்கு முப்பது வயது. தரைக்கு டைல்ஸ் ஒட்டுவான். நல்ல கை. ஆனால் மழைக்காலம் வந்தால் கட்டட வேலை படுத்துவிடும். அந்த இரண்டு மாதமும் வாரத்தில் நாலு நாள் மூட்டை கட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவான், தங்கம் அலச.

சிரிக்க வேண்டாம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய்க் காட்டுச் சாலையில் இறங்கி, அங்கிருந்து தெற்கே இரண்டு மணி நேரம் நடந்தால் ஓர் ஓடை. அதன் மணலில் நிஜமாகவே தங்கத்தூள் உண்டு. கடுகில் பாதிகூட இருக்காது. வனத்துறையில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு நாலைந்து பேர் வருடாவருடம் போவார்கள். திரும்பி வந்ததும் நான் கேட்பேன்.

"என்னப்பா, கிடைச்சுதா?"

"கிடைச்சுதுண்ணே. கண்ணுல விழுந்துச்சு, தேய்ச்சேன், போயிடுச்சு."

"அப்புறம் எதுக்குடா போற?"

"வேற எங்கண்ணே போக? ரெண்டு மாசம் அக்கா கையால உக்காந்து தின்னுட்டு, மாமா மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

சாமான்கள் எல்லாம் வெல்டர் கைவண்ணம். கடையில் வாங்கியது என்று ஒரு திருகாணி இருக்காது. பழைய மேசை விசிறியின் கூண்டில் கொசுவலையை இழுத்துக் கட்டினால் சல்லடை. கூரைத் தகடு மிச்சத்தில் நீளமாக ஒரு பெட்டி, குறுக்கே வரிசையாகச் சட்டங்கள், அடியில் கார் மிதியடி. அதை ஓடையில் சாய்த்து வைத்து மண்ணைக் கொட்டினால் தண்ணீர் லேசானதை இழுத்துக்கொண்டு போகும், கனமானது மிதியடியில் தங்கும். அதையே கவிழ்த்துப் போட்டால் படுக்க ஒரு பலகை. பெயின்ட் டப்பாவில் ஓட்டை போட்டு அடுப்பு. ஆறிய பிறகு அதுவே முக்காலி. கடைசி அலசலுக்கு அகன்ற இரும்புச்சட்டி. எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் தூள் மிதந்து ஓடிவிடுமாம், அதனால் அதை நெருப்பில் போட்டுச் சிவக்கச் சுட்டு எடுப்பான். அவன் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என் சட்டியை எல்லாம் சுடுகாட்டுக்கு அனுப்பிட்டுத்தான் இவங்களுக்குத் தூக்கமே வரும்" என்பாள்.

கூடாரம் நான் தைத்தது. பற்பசை விளம்பரத்துக்குக் கட்டிய பெரிய பேனர், மழை ஒரு சொட்டு உள்ளே வராது. படுத்து அண்ணாந்தால் ஒரு பெண்ணின் முப்பத்திரண்டு பல்லும் தெரியும். "நீங்க தைச்சதுல படுத்தா தூக்கமே வரலண்ணே, ராத்திரியெல்லாம் சிரிக்கிறா" என்று தம்பிக்காரன் புகார் சொல்வான்.

அந்த வருடம் சிக்கல் எங்கே ஆரம்பித்தது என்றால், கூட்டாளியிடம். நாலு வருடமாக அவனைக் கூட்டிக்கொண்டு போகிற மனிதருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. நான் வரல என்று சொல்லிவிட்டார். இவன் தனியாகப் போகிறேன் என்றான். அக்கா விடுவாளா? வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வழி தெரியாத காட்டுல தனியாப் போயி என்ன அள்ளப் போற? போனா என் பொணத்தைத் தாண்டித்தான் போகணும்."

"அக்கா, வழி தெரியும்கா. ஓடையிலருந்து வடக்கே நடந்தா ரோடு. அவ்வளவுதான். குழந்தைகூடப் போயிடும்."

"வடக்கு எந்தப் பக்கம்னு மரமா சொல்லும்?"

அப்போதுதான் வெல்டர் நடுவில் புகுந்தான். "அட, அதுக்கு நான் ஒரு கம்பு செஞ்சு தர்றேன். திசைகாட்டியோட. கண்ணை மூடிக்கிட்டு வந்துருவான்."

இரண்டு நாள் அதிலேயே கிடந்தான். இரும்புக் குழாய் போட்டால் முள் தடுமாறும் என்று பழைய ஆன்டெனாவின் அலுமினியக் குழாயைத் தேடி எடுத்தான். அந்த அளவுக்கு விவரம் தெரிந்தவன்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். உயரம் இடுப்பளவு. மேலே குறுக்காக ஒரு கைப்பிடி, சுத்தியல் மாதிரி. பிடித்து நடக்கும்போது கைப்பிடியின் ஒரு முனை முன்னால் நிற்கும், இன்னொன்று பின்னால். அதன் நடுவில், மேல்புறத்தில் திசைகாட்டி. என்னையும் அவன் மனைவியையும் தெருவில் நிறுத்தி, கம்பைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து காட்டினான். அவன் எப்படித் திரும்பினாலும் முள் ஆடி ஆடி வடக்கே போய் நின்றது.

அவள் அதை வாங்கித் தானும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். பிறகு தம்பியிடம் நீட்டினாள். "இது கையை விட்டு இறங்கக் கூடாது. என்ன சொல்றேன்?"

"இறங்காதுக்கா."

"வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்ல இருக்கணும்."

"இருப்பேன்கா."

இப்படியாக அந்தக் கம்பைப் பார்த்துத்தான் அவள் வாசலை விட்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது அவன் பட்டறைக்குள் தலையை நீட்டினான். "மாமா, மணல்ல இரும்புத்தூள் கலந்து கறுப்பா வருதுல்ல, அதைப் பிரிக்கிற காந்தம் போன தடவை ஓடையில போயிடுச்சு. சின்னதா ஒண்ணு இருக்கா?"

வெல்டருக்கு அது போதாதா? ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று கிடந்தது. கம்பை வாங்கினான், கைப்பிடியின் முன்முனைக்குள் அதைத் திணித்தான், மேலே ரப்பர் மூடி போட்டு அடித்து இறுக்கினான். "இனிமே எப்படித் தொலையும்? கம்பைத் திருப்பி மணல்ல கிண்டு, கறுப்பெல்லாம் ஒட்டிக்கும். ஒண்ணுல ரெண்டு!" மச்சினன் சிரித்துக்கொண்டே ஓடினான். நான் மெஷினில் உட்கார்ந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மழை பிடித்தது. சும்மா தூறல் இல்லை. தெருவில் கணுக்கால் தண்ணீர், வானம் எந்நேரமும் அழுக்குத் துணி நிறம், சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. வியாழக்கிழமை ராத்திரி அவள் மூன்று தட்டு வைத்தாள். மூன்றாவது தட்டை வெள்ளிக்கிழமை காலையில்தான் எடுத்தாள். அப்போதே காட்டுச் சாலைக் காவல் நிலையத்துக்கு வெல்டர் போன் போட்டான். மத்தியானம் வனக்காவலர் ஒருவர் வந்தார். மழைக்கோட்டோடு பட்டறை வாசலிலேயே நின்று கேட்டார்.

"தனியாப் போறது இதான் முதல் தடவையா?"

"ஆமா சார். கூட்டாளியோட நாலு வருஷமாப் போறான்."

"எங்க ஆளுங்க ஓடை வரைக்கும் போய்ப் பாத்துட்டாங்க. கூடாரம் இருக்கு, அந்தப் பெட்டி இருக்கு, மேல கல்லு வச்சிருக்கு. ஆள் இல்ல. பாதையைத் தண்ணி மூடிடுச்சு. கையில திசைகாட்டி ஏதாவது வச்சிருந்தாரா?"

வெல்டர் நிமிர்ந்தான். "இருக்கு சார். நானே செஞ்சு குடுத்தேன். கம்புலயே பதிச்சிருக்கேன், தொலையவே தொலையாது."

"அப்ப நல்லதாப் போச்சு. பாதை இல்லேன்னாலும் வடக்கு பாத்துத்தான் நடந்திருப்பார். நடுவுல எங்கயாவது கால் சுளுக்கிக் கிடப்பார். ஓடைக்கும் ரோட்டுக்கும் நடுவுல தேடினாப் போதும். தெற்கே போக வேண்டியதில்ல. அது பெரிய காடு, அங்க தேடணும்னா ஒரு மாசம் ஆகும்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். காவலர் போன பிறகு புருஷனைப் பார்த்து, "நல்ல வேளை, உங்களுக்கு அது தோணுச்சு" என்றாள். அவன் பனியன் நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் தேடக் கிளம்பினார்கள். காவலர்கள், டைல்ஸ் வேலை கூட்டாளிகள், எங்கள் தெரு ஆட்கள் மூன்று பேர். மழை கொஞ்சம் விட்டிருந்தது. அவள் சமையலறையில் அவர்களுக்கு முட்டை அவித்துக்கொண்டும் ரொட்டி மடித்துக்கொண்டும் இருந்தாள். மத்தியானம் ஒரு ஆள் வந்து வாங்கிப் போவதாக ஏற்பாடு. அவளால் சும்மா இருக்க முடியாது. அவனாலும் முடியவில்லை. தேடுகிறவர்கள் கையிலும் ஒரு கம்பு இருக்கட்டும் என்று அதே மாதிரி இன்னொன்று செய்ய உட்கார்ந்துவிட்டான்.

நான் ஆளைத் தூக்கி வர ஒரு தார்ப்பாய்த் தொட்டில் தைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் மூங்கில் கோர்க்க மடிப்பு எத்தனை அகலம் வேண்டும் என்று கேட்கத் தெருவைத் தாண்டி அவன் பட்டறைக்குப் போனேன். கம்பு முடிந்திருந்தது. திசைகாட்டியும் பதித்தாகிவிட்டது. அதே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக முன்முனையில் காந்தத்தையும் திணித்து ரப்பர் மூடியை அடித்துக்கொண்டிருந்தான்.

"தேடப் போறவனுக்குக் காந்தம் எதுக்குய்யா?" என்றேன்.

"இருக்கட்டும் டைலரே, கையோட வந்துருச்சு."

நான் கம்பை வாங்கிப் பார்த்தேன். முள் கைப்பிடி முனையைப் பார்த்து நின்றது. வாசல் பக்கம் திரும்பினேன். முள் திரும்பவில்லை. அதாவது, என்னோடேயே திரும்பியது.

"ஏன்யா, இது ஆட மாட்டேங்குது? ஊசி மாட்டிக்கிச்சா?"

"குடுங்க இப்படி."

அவன் வாங்கித் தட்டினான். கிழக்கே திரும்பினான், வடக்கு என்றது. மேற்கே திரும்பினான், வடக்கு என்றது. நேராகத் தெற்கே என் கடையைப் பார்த்து நின்றான். முள்ளின் சிவப்பு நுனி என் கடையைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. ரப்பர் மூடியைப் பிடுங்கிக் காந்தத்தை வெளியே எடுத்து எறிந்தான். முள் ஒரு சுற்று சுற்றி, ஆடி ஆடி, அவன் முதுகுப் பக்கம் திரும்பி நின்றது.

அவன் அப்படியே வெல்டிங் மேசை மேல் உட்கார்ந்துவிட்டான். "டைலரே, எந்தப் பக்கம் நடந்தாலும் அவனுக்கு வடக்குன்னே சொல்லியிருக்குமே."

நான் குனிந்து காந்தத்தைப் பொறுக்கி அவன் பக்கத்தில் வைத்தேன்.

"அப்ப அவன் எங்க வேணாலும் போயிருப்பான்," என்றான். "தெற்கே போயிருந்தாக்கூட ரோடு இதோ வந்துரும், இதோ வந்துரும்னு நடந்துகிட்டே இருந்திருப்பான். இங்க இவங்க வடக்கால தேடிக்கிட்டு இருக்காங்க." எழுந்தான். "போன் போடுறேன். காவல் நிலையத்துல வயர்லெஸ் இருக்கு, சொல்லிருவாங்க."

அப்போது அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தது நான்தான். மறைக்கப் போவதில்லை.

"பொறு. அவசரப்படாத. உள்ள இருக்கிறவளை நினைச்சுப் பாரு. நீ குடுத்த கம்பை நம்பித்தான் அவ உசுரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கா. இப்ப இதைக் கேட்டா என்ன ஆவா? அவன் என்ன சின்னப் பிள்ளையா? நாலு வருஷமாப் போறவன். கம்பு சொல்றதை மட்டுமா கேட்டு நடப்பான்? இந்நேரம் ரோட்டுல ஏறியிருப்பான். மத்தியானம் சாப்பாடு வாங்க ஆள் வரும்ல, நல்ல சேதியோட வரும் பாரு. அப்புறம் இதை யாருக்கும் சொல்லவே வேண்டியிருக்காது."

"வரலேன்னா?"

"வரலேன்னா சொல்லிக்கலாம்."

சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவ்வளவுதான். பெரிய காரணம் எதுவும் இல்லை. சமையலறையில் பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது. அவள் வந்துவிடுவாள் என்று நான் தெருவைத் தாண்டி என் கடைக்கு வந்து மெஷினில் உட்கார்ந்துகொண்டேன். மடிப்பு அகலம் கேட்க மறந்துவிட்டது. நானே ஒரு அளவு வைத்துத் தைத்தேன்.

மத்தியானம் வந்த ஆள் சாப்பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனான். வெல்டர் பட்டறை வாசலில் நின்று என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குத் தேடப் போனவர்கள் திரும்பினார்கள். சேறு, கீறல், வெறுங்கை. காவலர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார், "ரோட்டுலருந்து ஓடை வரைக்கும் சல்லடை போட்டாச்சு. ஒரு தடம்கூட இல்ல."

வாசலில் நின்றிருந்த அவள் அப்போதும் கலங்கவில்லை. "பரவாயில்ல சார். அவன் கையில இவர் குடுத்த கம்பு இருக்கு. எங்க சுத்தினாலும் அதைப் பாத்து வந்துருவான்."

வெல்டர் சட்டென்று வெடித்து அழுதான். நான் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை. "வர மாட்டான்டி. அது பொய் சொல்லுது. நான் காந்தத்தை வச்சுட்டேன். அது எல்லாப் பக்கமும் வடக்குன்னுதான் சொல்லும். சார், அவன் வடக்கே போயிருக்க மாட்டான் சார். வேற எங்கயாவது தேடுங்க சார்."

காவலர் புதுக் கம்பை வாங்கி, காந்தத்தை வைத்தும் எடுத்தும் இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இன்னும் ரெண்டு மணி நேரத்துல காட்டுல இருட்டிரும். தெற்கே இறங்க அது பத்தாது" என்றார். "இது மத்தியானத்துக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா இன்னைக்கே ஓடையைப் பிடிச்சுக் கீழ போயிருக்கலாம். சரி, காலையில பாப்போம்."

ஞாயிறு பத்தரை மணிக்குக் கண்டுபிடித்தார்கள். ஓடைக்குத் தெற்கே, ஒரு பள்ளத்தில், இரண்டு பாறைக்கு நடுவில் வலது கால் சிக்கிக் கிடந்தான். உயிர் இருந்தது. என் தொட்டிலில்தான் தூக்கி வந்தார்கள். மடிப்பு சரியாகத்தான் இருந்ததாம், மூங்கில் கச்சிதமாக நுழைந்ததாம். வந்தவர்கள் என்னைப் பாராட்டினார்கள். நான் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கால் தங்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் வெல்டரிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "சனிக்கிழமை ராத்திரிக்குள்ள வந்திருந்தா காப்பாத்தியிருப்பேன். கடைசி ராத்திரியிலதான் அழுகல் மேல ஏறியிருக்கு" என்றார். வெல்டர் தலையை மட்டும் ஆட்டினான். அன்றிலிருந்து அவன் பேச்சு குறைந்துபோனது. கேட்டால் பதில், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

அவள் அவனைக் குறை சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் வந்து ஜாடை பேசினால் சண்டைக்கு நின்றாள். "வேணும்னா செஞ்சார்? தம்பி கேட்டான், இவர் செஞ்சார். தப்புன்னு தெரிஞ்ச உடனே அத்தனை பேர் முன்னாடி வாய் விட்டுச் சொன்னாரே, அது உங்கள்ல யாருக்கு வரும்? அவர் சொல்லலேன்னா இன்னைக்கு நான் தம்பிக்குப் பால் ஊத்தியிருப்பேன்." அவள் இதைச் சொல்லும்போதெல்லாம் வெல்டர் எழுந்து வெளியே போய்விடுவான்.

எட்டாம் நாள் நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். மச்சினன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான், ஆனால் வாய் திரும்பி வந்திருந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். வெல்டர் ஜன்னல் பக்கம் நின்றான்.

"வாங்கண்ணே. கதையைக் கேட்டீங்களா? நான் என்னைப் பெரிய ஆளுன்னு நினைச்சுட்டேன். மரத்தைச் சுத்துறேன், பாறையைச் சுத்துறேன், குனிஞ்சு பாத்தா வடக்கு. அடடா, கண்ணைக் கட்டி விட்டாலும் வடக்கே போறோமேன்னு எனக்கே ஒரு பெருமை."

"சும்மா இருடா" என்றாள் அக்கா. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு நாளில் அன்றுதான் அவள் சிரித்து நான் பார்த்தேன்.

"மாமாதான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காரு. மாமா, இங்க பாருங்க. இவங்க ஏதோ கால் ஒண்ணு தர்றாங்களாம், பிளாஸ்டிக்ல. எனக்கு வேண்டாம். நீங்களே ஒண்ணு செஞ்சு குடுங்க. டைல்ஸ் ஒட்ட முட்டி போட்டு உக்காரணும்ல, அது இவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் என் உக்காருற விதம் தெரியும்."

வெல்டர் ஜன்னலிலிருந்து திரும்பினான். பிறகு சொன்னான். "மாப்ள, எனக்குப் பத்து மணிக்கே தெரியும்."

"எந்தப் பத்து மணி?" என்றாள் அவள்.

"சனிக்கிழமை. காலையில பத்து மணி. ரெண்டாவது கம்பு செஞ்சேன்ல, அப்பவே தெரிஞ்சுபோச்சு. நீ உள்ள முட்டை அவிச்சுக்கிட்டு இருந்த. நான் போன் போடல."

துண்டு அவள் கையிலேயே நின்றது. மச்சினன் கொஞ்ச நேரம் போர்வையைப் பார்த்தான், கால் இருக்க வேண்டிய இடத்தில் அது படிந்து கிடந்தது. "சனிக்கிழமை காலையில மழை விட்டுச்சு மாமா," என்றான். "யாருக்காவது கேக்கும்னு கத்திக்கிட்டே இருந்தேன். சாயங்காலத்துக்கு மேலதான் தொண்டை போயிடுச்சு."

பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவைத் தணித்தார். என் கையில் ஆரஞ்சுப் பை இருந்தது. கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இப்போது சொல்லிவிடுவான், இவர்தான் என் கையைப் பிடித்தார் என்று என்னைக் காட்டுவான் என்று நின்றேன். காட்டட்டும் என்றுகூட நினைத்தேன்.

"ஆறு மணி நேரம்," என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. "ஆறு மணி நேரம் என் கூடவே இருந்தீங்க. நான் தண்ணி கொண்டு வந்து குடுத்தேன், வாங்கிக் குடிச்சீங்க. அப்பப் பட்டறையில வேற யாரும் இல்லியா?"

வெல்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்ல. தனியாத்தான் இருந்தேன்."

அவள் அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"கேட்டீங்களாண்ணே? எதிர்லதானே கடை. அன்னைக்குப் பாத்து நீங்க பட்டறைப் பக்கம் ஒரு எட்டு வராமப் போயிட்டீங்களே. நீங்க இருந்திருந்தா இவர் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளியாவது போன் போட வச்சிருப்பீங்க. போட வச்சிருப்பீங்கதானே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.